குளுவாங்கில் விடப்பட்ட வண்டும் உங்கள் பள்ளித் தோட்டமும்

உங்கள் தாத்தாவோ பாட்டியோ 1970களில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால், இன்று மாலை அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “செம்பனைப் பூவுக்குப் பொடி ஊதும் வேலை பார்த்திருக்கிறீர்களா?”

அந்தக் காலத்தில் இந்த நாட்டில் தேனீயும் வண்டும் செய்ய வேண்டிய வேலையைத் தோட்டத் தொழிலாளர்கள் செய்தார்கள். அவர்களில் நம்மவர்கள் பலர். செம்பனையின் ஆண் பூங்கொத்திலிருந்து மகரந்தத் தூளைச் சேகரித்து, டால்க் பொடியோடு கலந்து, ஊதுகுழாயில் நிரப்பிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். எந்த மரத்தில் பெண் பூங்கொத்து விரிந்திருக்கிறது என்று பார்த்து, அதன்மேல் ஊதிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வார்கள். பெண் பூ மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் காலம் இரண்டு மூன்று நாள்தான். அதைத் தவறவிட்டால் அந்தக் குலை சரியாகக் காய்க்காது. ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை அதே நிரைக்கு மீண்டும் வரவேண்டும். முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்துகொண்டு செய்த வேலை அது.

இயற்கையில் தானாக நடக்க வேண்டிய ஒன்றுக்கு ஏன் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது? இதற்கான பதில் நம் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் இருக்கிறது.

செம்பனை நம் மண்ணின் மரம் அன்று. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் நான்கு கன்றுகள் ஜாவா தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. மரம் கடல் தாண்டி வந்தது. அதன் பூவைத் தேடிப் போகும் பூச்சி அங்கேயே தங்கிவிட்டது. இதை நெடுங்காலம் யாரும் பெரிதாக எண்ணவில்லை. செம்பனைக்குக் காற்றினால் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது என்றுதான் பாடநூல்களும் சொல்லிவந்தன.

ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் பிறகு சபாவிலும் வேலை செய்த யூனிலீவர் நிறுவனத்துத் தோட்ட அதிகாரி லெஸ்லி டேவிட்சனுக்கு இதில் ஐயம் எழுந்தது. கேமரூனில் யாரும் பொடி ஊதாமலே குலைகள் நிறைந்து காய்த்தன. அங்கே பூக்களின்மேல் சின்னச் சின்ன வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. சபாவிலோ ஆள் வைத்து ஊதினால்தான் காய். அவருடைய முயற்சியால் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். ஒரு பூவில் காற்று மட்டும் புகுமாறும், இன்னொரு பூவில் பூச்சியும் புகுமாறும் உறை கட்டிப் பார்ப்பது போன்ற சோதனைகளால்தான் இத்தகைய கேள்விக்கு விடை காண முடியும். நீங்கள் அறிவியல் கூடத்தில் படிக்கும் மாறிகள், கட்டுப்பாட்டுச் சோதனை எல்லாம் இதுதான். முடிவு தெளிவாக வந்தது: செம்பனையின் மகரந்தத்தைச் சுமப்பவை பூச்சிகளே, அவற்றில் முதன்மையானது ‘எலெய்டோபியஸ் கமெருனிக்கஸ்’ என்னும், ஓர் அரிசியைவிடச் சிறிய கூன்வண்டு.

அடுத்து அந்த வண்டு வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்தார்கள். வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டு, பிறகு அதுவே பெரும் தொல்லையாகிப்போன கதைகள் உலகில் நிறைய உண்டு. ஆகவே இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. செம்பனையைத் தவிர வேறெதிலும் அது பெருகவில்லை. அதன் பிறகே 1981 பிப்ரவரியில், குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் அந்த வண்டுகளை முதன்முதலாகத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டில் சபாவிலும் விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் வண்டு நாடெங்கும் பரவியது. குலைகளில் காய்கள் நெருக்கமாகக் காய்க்கத் தொடங்கின. பருப்பு இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்காத ஆலைகள் அதைக் கையாள முடியாமல் திணறின. பொடி ஊதும் வேலை மெல்ல மெல்ல மறைந்துபோனது.

வண்டுக்கும் ஒரு வீடு

இந்தக் கதையை ‘ஒரு பூச்சி ஒரு தொழிலையே மாற்றியது’ என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் மரம் நடும் மாணவர்களுக்கு இதன் பின்பகுதிதான் முக்கியம்.

கூன்வண்டு செம்பனைக்கு உதவி செய்ய வருவதில்லை. அது ஆண் பூவைத் தேடி வருகிறது. ஆண் பூ விரியும்போது சோம்பு வாசனை வீசும். பக்கத்தில் நின்றாலே நமக்கும் தெரியும். வண்டு அங்கேயே தின்று, அங்கேயே முட்டையிட்டு, உதிரப்போகும் ஆண் பூவுக்குள்ளேயே புழுவாக வளர்கிறது. பெண் பூவும் விரியும்போது அதே வாசனையை வீசுகிறது. வண்டு ஏமாந்து அங்கும் போகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்கிறது. பெண் பூவில் அதற்கு உணவும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை.

ஆக, காய் கொடுப்பது பெண் பூ; வண்டுக்கு வீடு கொடுப்பது ஆண் பூ. இப்போது விளைச்சலை நினைத்து, இளவயதில் பெண் பூக்களையே அதிகமாகத் தள்ளும் ரகங்களை நடுகிறார்கள். பெண் பூ கூடினால் குலை கூடும் என்பது கணக்கு. ஆண் பூ குறைந்தால் வண்டுக்குத் தொட்டில் குறைகிறது. வண்டு குறைந்தால் குலை இருந்தும் காய் நிரம்புவதில்லை. சில தோட்டங்களில் மீண்டும் கையால் பொடி ஊதும் நிலை வந்திருக்கிறது. வேறு சில இடங்களில் வண்டு வளரும் ஆண் பூக்களைப் பெட்டிக்குள் வைத்து, வெளிவரும் வண்டுகள்மேல் மகரந்தம் தூவி, அவற்றைத் தோட்டத்துக்குள் பறக்க விடுகிறார்கள். பாட்டி செய்த வேலையின் புதிய வடிவம்.

நம் பள்ளிகளில் நடக்கும் மரம் நடு விழாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வண்டின் நினைவுதான் வரும். 2021 ஜனவரியில் நம் அரசாங்கம் ஐந்து ஆண்டுகளில் 10 கோடி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. எத்தனை மரம் என்று கேட்கிறோம். அந்த மரம் எப்போது பூக்கும், அதன் பூவுக்கு யார் வருவார்கள், அவர்கள் இரவில் எங்கே தங்குவார்கள் என்று கேட்பது குறைவு.

உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று, ஓரளவுக்காவது பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குக் காற்றோ தன் மகரந்தமோ போதும் என்பதால் நாம் பட்டினி கிடக்கமாட்டோம். ஆனால் தட்டில் சோறு மட்டும்தான் இருக்கும்.

பத்துமலையிலிருந்து டுரியான் மரம் வரை

மகரந்தச் சேர்க்கை என்றதும் தேனீயை மட்டும் வரைகிறோம். சிகாமட், தங்காக் பக்கம் இருப்பவர்களுக்கு டுரியான் பூக்கும் பருவம் தெரிந்திருக்கும். டுரியான் பூ பிற்பகல் சாய்ந்த பிறகுதான் விரியும். விடிவதற்குள் இதழ்கள் உதிர்ந்து தரையில் கிடக்கும். இரவில் யாருக்காக அது தேன் சுரக்கிறது? முதன்மையாக வௌவாலுக்காக. பெத்தாய் மரத்தின் உருண்டைப் பூக்களும் வௌவாலுக்காக இரவில் தேன் சுரப்பவையே.

தேனை உண்ணும் குகை வௌவால்கள் கூட்டமாக வாழும் இடங்களில் ஒன்று நாம் தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலை. 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள வௌவால்கள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அவற்றின்மேல் ஒட்டியிருந்த மகரந்தத்திலிருந்து, அவை ஒரே இரவில் 38 கிலோமீட்டர் தூரம்வரை பறந்து கடலோர அலையாத்திக் காடுகளுக்குப் போய்த் திரும்புகின்றன என்று கண்டறிந்தார்கள்.

ஏன் அவ்வளவு தூரம்? டுரியான் ஆண்டுக்குச் சில வாரங்களே பூக்கிறது. மற்ற நாள்களில் வௌவாலுக்குப் பசிக்காதா? அலையாத்திக் காட்டில் இருக்கும் பெரெம்பாங் மரம் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிளையில் பூத்துக்கொண்டே இருக்கும். அதன் பூவும் இரவில்தான் விரியும். வாழைப்பூவும் கைகொடுக்கும். டுரியான் பருவம் வரும்வரை வௌவாலை உயிரோடு வைத்திருப்பவை இந்த மரங்கள்.

பெரெம்பாங் மரத்தை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். கோத்தா திங்கியில் படகில் ஏறி மின்மினிப் பூச்சி பார்க்கப் போனீர்களா? மின்மினிகள் மொய்த்து மின்னும் அந்த மரம் பெரும்பாலும் பெரெம்பாங்தான். தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்று ஜொகூர் அலையாத்திப் பகுதிகள் 2003இல் அனைத்துலக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கடலோரத்துச் சதுப்பை அழித்தால் மேட்டு நிலத்து டுரியானுக்கு என்ன ஆகும் என்று கேட்பவருக்கு, பத்துமலை வௌவால்கள் விடை சொல்லிவிட்டன.

பழத்தோட்டக்காரர்கள் சிலர் வௌவாலைக் கண்டால் வலை கட்டுகிறார்கள், சுடுகிறார்கள். ரம்புத்தானைக் கடித்துப்போடும் கோபம் புரிகிறது. ஆனால் டுரியான் காய்க்க உதவுவதும் அந்தக் குடும்பம்தான்.

தோட்டப் பாதையோரத்து மஞ்சள் பூ

மீண்டும் செம்பனைத் தோட்டத்துக்கு வருவோம். பாதையோரமாக மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்செடிகள் வரிசையாக நட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்காக நட்டவை என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். செம்பனை ஓலையைத் தின்று நாசம் செய்யும் பைப்புழு என்ற ஒன்று உண்டு. அந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளும் உண்டு. வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். செம்பனைக் காட்டில் அது கிடைக்காது. அதற்காகவே காசியா, துர்னேரா, கொடி ரோஜா ஆகிய செடிகளை நடுகிறார்கள். மலாய்க்காரர்கள் துர்னேராவை ‘புங்கா பூக்குல் லாப்பான்’, அதாவது எட்டுமணிப் பூ என்பார்கள். கொடி ரோஜாவுக்கு ‘ஆயர் மாத்தா பெங்ஙாந்தின்’, மணப்பெண்ணின் கண்ணீர் என்று பெயர். குளவிக்காக நட்ட இந்தச் செடிகளில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்து பசியாறுகின்றன. இவை வேற்றுநாட்டுச் செடிகளே என்றாலும், மருந்துத் தெளிப்பைக் குறைக்க உதவுகின்றன.

உங்கள் பள்ளியின் அறிவியல் கழகமோ சாரணர் இயக்கமோ தோட்டம் போடத் திட்டமிட்டால், இந்தப் பாதையோரத்திலிருந்தே தொடங்கலாம். எட்டுமணிப் பூ ஒரு குச்சியை நட்டாலே வளரும், காசு செலவில்லை. கம்பங்களின் ஓரத்திலும் பழைய ரப்பர்த் தோட்டத்து எல்லைகளிலும் ஊதாப் பூவோடு நிற்கும் செண்டுடுக் செடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நம் மண்ணின் செடி. அதன் பூவில் தேன் இல்லை. மகரந்தமும் சிறு குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். கருகருவென்று பெரிதாக இருக்கும் தச்சுத் தேனீ அந்தப் பூவைப் பற்றிக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிரவைக்கும்போதுதான் மகரந்தம் தெறிக்கும். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே வகை. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. எனவே தச்சுத் தேனீயைப் பார்த்துப் பயந்து துடைப்பத்தை எடுக்க வேண்டாம். அது காய்ந்த கட்டையிலோ மூங்கிலிலோ துளையிட்டுக் குடியிருக்கும். தோட்டத்து மூலையில் ஒரு பட்டுப்போன மரக்கட்டையை அப்படியே விட்டுவைத்தால் போதும். குப்பை என்று தலைமையாசிரியர் எடுக்கச் சொன்னால், காரணத்தை விளக்கி ஓர் அறிவிப்புப் பலகை எழுதி வையுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குத் துளசித் தொட்டி ஒன்று போதும். ஆனால் கதிர் வந்ததும் கிள்ளிவிடாமல் ஒரு கிளையையாவது பூக்க விடுங்கள். கொல்லைப்புறம் இருந்தால் முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, மா என்று நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவையே தேனீக்குப் பெரிய விருந்து. பார்க்க வேண்டியது, ஒன்று பூத்து முடியும்போது இன்னொன்று பூக்கிறதா என்பதை. எல்லாம் ஒரே மாதத்தில் பூத்து ஓய்ந்துவிட்டால், மீதி மாதங்களில் தேனீ வேறு ஊருக்குப் போய்விடும். குரோட்டன்ஸ் போன்ற இலைச்செடிகளும் கத்தரித்த புல்தரையும் மட்டுமே உள்ள பள்ளி வளாகம் நமக்குப் பச்சை; தேனீக்குப் பாலைவனம்.

நடக் கூடாத மரமும் உண்டு. ஆரஞ்சுச் சிவப்புப் பூவோடு சாலையோரங்களில் உயர்ந்து நிற்கும் ஆப்பிரிக்கத் துலிப் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அதன் மொட்டைப் பிதுக்கித் தண்ணீர் பீய்ச்சி விளையாடியவர்களும் உண்டு. அதன் பூ கொட்டாத் தேனீக்களைக் கொல்கிறது என்பதால், பிரேசிலின் சாந்தா கத்தரினா மாநிலம் 2019இல் அந்த மரத்தை நடுவதற்கே தடை விதித்தது. அழகான பூ என்பதற்காகத் தலையாட்டிவிட முடியாது.

கொட்டாத் தேனீ என்றதும் கெலுலுட் நினைவுக்கு வரும். இன்று ஜொகூரில் பல வீடுகளின் கொல்லையில் கெலுலுட் பெட்டி இருக்கிறது. இது கொட்டாது, தேன் புளிப்பும் இனிப்புமாக இருக்கும், மெழுகும் மரப்பிசினும் கலந்து செய்த சின்னச் சின்னக் கலயங்களில் அதைச் சேர்த்து வைக்கும். 2017இல் கெலுலுட் தேனுக்கென்றே மலேசியத் தர நிர்ணயம் வந்தது. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மலேசியத் தேன் மாதிரிகளையும் சேர்த்துச் சோதித்து, இதில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்டார்கள். நல்ல வருமானம் தரும் தொழில். பல்கலைக்கழக மாணவர்கள் பகுதிநேரமாகச் செய்யவும் ஏற்றது.

இதில் ஓர் எச்சரிக்கை. பலர் கெலுலுட்டைக் காட்டு மரத்துண்டோடு வாங்குகிறார்கள். அந்தத் துண்டு எங்கோ ஒரு மரத்தை வெட்டி எடுத்ததாக இருக்கலாம். தேனீயைக் காப்பதாகச் சொல்லித் தேனீயின் வீட்டை வெட்டி வாங்குவதில் பொருளில்லை. வளர்ப்பவரிடம் இருக்கும் கூட்டைப் பிரித்து உருவாக்கிய குடும்பத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடு கட்டக் கெலுலுட்டுக்குப் பிசினும் வேண்டும். அதற்கு மாவும் பலாவும் உதவும்.

டிங்கிக் காய்ச்சல் பற்றியும் சொல்லியாக வேண்டும். புகையடிக்கும் மருந்து கொசுவையும் தேனீயையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்காகப் புகையடிப்பை எதிர்க்கவும் முடியாது, உயிர் சம்பந்தப்பட்டது. தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே நேரத்தைக் கேட்டறிந்து, பெட்டியின் வாயை அடைத்து வைக்கலாம். அதைவிட முக்கியம், தொட்டிக்கடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாமல் இருப்பது. தேனீக்குத் தோட்டம் போட்டு ஏடிஸ் கொசுவை வளர்த்துவிட்டால், அடுத்த வாரமே புகையடிக்க ஆள் வந்துவிடுவார்.

தோட்டம் போட்ட பிறகு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? எட்டுமணிப் பூ பெயருக்கேற்ப காலை எட்டு மணிவாக்கில் விரியும். நண்பகலுக்குள் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஒரு சனிக்கிழமை காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அதன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். எத்தனை கெலுலுட், எத்தனை தச்சுத் தேனீ, எத்தனை வண்ணத்துப்பூச்சி என்று கோடு போட்டு எண்ணுங்கள். பெயர் தெரியாததைப் படம் பிடித்து உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த மாதம் அதே நாள், அதே நேரம், அதே இடத்தில் மீண்டும் எண்ணுங்கள். மழை பெய்ததா, பக்கத்தில் யாராவது மருந்து அடித்தார்களா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.